எச்சமும் ஆட்டமும்: அண்மைக்கால வீடியோ விளையாட்டுகள் சில குறித்த திறனாய்வு

செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுத்தளித்த தொல்காப்பியர், எழுத்து, அசை, சீர், அடி முதலியவற்றோடு அமையாது கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம் என்பனவற்றையும் உறுப்புகளாக வைத்தார். யாப்பமைதி பற்றியன அல்ல இவை. பேசுவோர் யார், யாரிடம் பேசுகின்றார், எவ்விடத்து நின்று பேசுகின்றார், எதனைச் சொல்லாது விடுகின்றார் என்பன பற்றியன. ஓலையிலோ தாளிலோ எழுதப்பெற்ற பனுவலுக்கு மட்டுமே இவை உரியன என்று கொள்வதற்கு நூலில் இடமில்லை. ஒருவர் கூற்றை மற்றொருவர் கேட்குமாறு அமைந்த எக்கலைக்கும் இவற்றைப் பொருத்திப் பார்த்தல் தகும் என்பதே எம் கருத்து. அக்கருத்தை அண்மைக்கால வீடியோ விளையாட்டுகள் சிலவற்றின்மேல் வைத்துச் சோதிக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. முதுகலை மாணவர் ஒருவர் இத்தகைய விளையாட்டொன்றில் தமிழ்க் குடும்ப வாழ்வு சித்திரிக்கப்பட்டிருக்கும் முறையைத் தம் ஆய்வேட்டிற்குப் பொருளாகக் கொள்ள விரும்பினார். தலைப்பை ஆய்ந்த குழுவினர் அதனை ஏற்கவில்லை. பொழுதுபோக்கு இலக்கியமாகாது என்பது அவர்கள் கூறிய காரணம். புதினமும் ஒருகால் இச்சொல்லாலேயே ஒதுக்கப்பட்டது; திரைப்படமும் அவ்வாறே. ஆயினும் முன்பு ஒதுக்கப்பட்டன பின்பு ஏற்கப்பட்டன என்பது ஒன்றனை ஏற்பதற்குப் போதிய காரணமாகாது என்பதனையும் நாம் ஒப்புவோம். ஒதுக்கப்பட்ட யாவும் உயர்ந்தன அல்ல. ஆதலின் குழுவினரோடு வாதிடுவதினும் விளையாட்டுகளையே எடுத்து நோக்குதல் நன்று.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. காணொலி விளையாட்டு, நிகழ்பட விளையாட்டு என இதற்குத் தமிழாக்கங்கள் தோன்றியுள்ளன. வழக்கில் நிலைத்தது வீடியோ கேம் என்பதே. வேலூர் லாங் பஜாரில் கைப்பேசியைக் குனிந்து நோக்கியவண்ணம் கடைவாயிலில் அமர்ந்திருக்கும் இளைஞரை வினவினால் ‘கேம் ஆடுகிறேன்’ என்றே விடையிறுப்பர். வினைச்சொல் ஆடுதலாகவே இருத்தலைக் காண்க. ஆடுதல் என்பது நம் மொழியில் விளையாட்டையும் கூத்தையும் நீராட்டையும் ஒருங்கே சுட்டுவது. எனவே இக்கட்டுரையில் இக்கலைப் படைப்பை ஆட்டம் என்றும், அதனைக் கையாள்வாரை ஆடுநர் என்றும் வழங்குவோம்.

தமிழ்நாட்டில் இவ்வாட்டங்களைப் பற்றி எழுந்த பேச்சில் பெரும்பகுதி தடையையும் சூதையும் சூழ்ந்தே அமைந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டமை, பணம் வைத்தாடும் இணையவழி ரம்மியால் குடும்பங்கள் சீரழிந்தமை, அதன்மேல் மாநில அரசு சட்டம் இயற்றியமை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம்வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் நிறைவேற்றியமை ஆகியன யாவரும் அறிந்தவை. சூதின் தீமை மறுக்கத்தக்கதன்று. வள்ளுவரே அதற்கு ஓர் அதிகாரம் வகுத்தார். எனினும் சூதையும் கதை தழுவிய ஆட்டத்தையும் ஒரு பெயரால் அழைத்து ஒரு தீர்ப்பால் முடிப்பது, மலிவுப் பதிப்பு மர்ம நாவலையும் மணிமேகலையையும் நூல் என்ற பொதுப்பெயர் பற்றி ஒன்றாக எண்ணுதலை ஒக்கும்.

இனி ஆட்டங்களைக் காண்போம். தென்னிந்தியாவைக் களனாகக் கொண்ட ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்பது அது. குளோயி என்னும் புதையல் வேட்டைப் பெண் மேற்குத் தொடர்ச்சி மலையினுள் ஒய்சளரின் பழந்தலைநகரங்களைத் தேடி, விநாயகரின் தந்தம் எனும் அரும்பொருளைக் கைப்பற்றச் செல்வதே கதை. மேலைநாட்டுத் திறனாய்வாளர் பலர் இதன் காட்சி வனப்பைப் பாராட்டினர். வனப்பு உண்மையே. ஆயினும் ஒய்சளக் கலையின் உயிர்நிலை நுணுக்கம். மாக்கல்லில் அணிகலனின் கண்ணியைக்கூடத் துளைத்துக் காட்டிய சிற்பியரின் கைவண்ணத்தை, மலையளவு உயர்ந்த சிலைகளாகப் பெருக்கிக் காட்டுகின்றது இவ்வாட்டம். நுணுக்கத்தைப் பருமையாக மாற்றுவது பாராட்டுப்போல் தோன்றும் பிழை. அன்றியும், இங்குச் சிற்பங்கள் பூட்டுகளாகவும் நெம்புகோல்களாகவுமே பயன்படுகின்றன. தெய்வ வடிவைத் திருப்பினால் கதவு திறக்கும். திறந்தபின் அவ்வடிவிற்கு வேறு பொருளில்லை. வேலூர்க் கோட்டையினுள் சலகண்டேசுவரர் கோயில் கலியாண மண்டபத்து யாளித் தூண்களைக் கண்டு பழகியவர்களுக்கு இக்குறை எளிதில் புலனாகும். அக்கோயில் வழிபாடின்றி நெடுங்காலம் கிடந்து 1981-இல் மீண்டும் வழிபாடு பெற்றது. கல்லுக்கு வரலாறு உண்டு என்பதனை ஊரார் அறிவர். ஒய்சளரோ திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலும் இருந்து ஆண்டவர். அவரைப் பற்றிய செய்தி நமக்கு அயலதன்று. ஆட்டத்திலோ களன் இருக்கின்றது, அக்களத்துக்குரிய மக்கள் இல்லை. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து இறங்கினாற்போல் இருக்கின்றது. இதனை இவ்வளவில் விடுக்கலாம்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ இதற்கு மறுமொழி போல அமைந்தது. அசுரரால் கவரப்பட்ட தம்பி கோலுவைத் தேடிச் செல்லும் ராஜி என்னும் இளம்பெண்ணின் கதை இது. இதன்கண் கருதத்தக்க அமைதி ஒன்று உண்டு. கதையைத் துர்க்கையும் திருமாலும் மேலிருந்து தமக்குள் உரையாடிக்கொண்டே சொல்லுகின்றனர். ஆடுநர் போரிட்டுக்கொண்டிருக்க, அவர்மேல் இரு தெய்வங்களின் கூற்று படர்கின்றது. ஆடும் பெண்ணுக்குத் தெரியாதது கேட்கும் நமக்குத் தெரிகின்றது. கூற்றும் கேட்போரும் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பு நம் மரபுக்கு நெருக்கமானது. தலைவி அறியாதவாறு தோழியும் செவிலியும் உரையாட நாம் கேட்கும் அகப்பாட்டுகள் எத்துணை! இடையிடையே நிழற்பாவைக் காட்சிகளால் புராணக் கதைகள் சொல்லப்படுகின்றன. ஆட்டுத்தோலை மெலிதாக்கி வண்ணந்தீட்டி ஒளிமுன் ஆட்டும் தோற்பாவைக் கூத்து தமிழ்நாட்டில் நலிந்துவரும் இக்காலத்தில், தோல் பதனிடும் ஊர்களுக்கு அருகிருந்து எழுதும் எமக்கு அக்காட்சிகள் தனி இன்பம் தந்தன என்பதனை மறைப்பதற்கில்லை. ஆயின் ஆட்டம் முடிவடையாது முறிகின்றது. அம்முறிவு எச்சமன்று. எச்சம் என்பது சொல்லாததனைக் கேட்போர் தாமே உணர்ந்து முடிக்குமாறு விடுவது. இங்கோ உணர்ந்து முடிப்பதற்குரிய குறிப்பில்லை. குறைபட்டதற்கும் எஞ்சவிட்டதற்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

மொழியையே பொருளாகக் கொண்ட ஆட்டம் ஒன்றும் வெளிவந்துள்ளது. பிரான்சின் துலூசு நகரத்து ரன்டிஸ்க் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ‘சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்’ அது. விவிலியத்துப் பாபேல் கோபுரக் கதையை அடியொற்றியது. கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு மக்கட் கூட்டம் வாழ்கின்றது. ஒவ்வொன்றற்கும் தனி எழுத்தும் தனி மொழியும் உண்டு. ஆடுநருக்கு எவையும் தெரியா. கதவருகில் எழுதப்பட்ட குறி, ஒருவர் கையசைத்துச் சொல்லும் சொல், சுவரோவியத்தின் கீழ் அமைந்த தொடர் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒவ்வொரு குறிக்கும் பொருளை ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். சில குறிகளின் பொருள் ஒருங்கே சரியாக அமையும்போதுதான் குறிப்பேடு அவற்றை உறுதிசெய்யும்.

இது புதுமை என்று மேலைநாட்டார் வியந்தனர். லாங் பஜாரில் வளர்ந்த சிறுவனுக்கு இதில் வியப்பில்லை. நேதாஜி மார்க்கெட்டை ஒட்டிய அத்தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரு கடைக்கும் மறு கடைக்கும் இடையே மாறி மாறி ஒலிக்கும். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வருவோர் தத்தம் மொழியில் விலை பேசுவர். எண்களையும் பண்டப் பெயர்களையும் ‘வேண்டும்’, ‘வேண்டா’ என்பனவற்றையும் கையசைவாலும் முகக்குறிப்பாலும் சிறுவர் கற்றுக்கொள்வர், யாரும் கற்பிப்பதில்லை. ஆட்டம் காட்டும் முறை இதுவே. அதன் ஆசிரியர்கள் மொழியறிந்தோர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு கூட்டத்தார் குறியை இரட்டித்துப் பன்மை உணர்த்துவர். வேறு கூட்டத்தார் அதற்கெனத் தனிக்குறி வைத்திருப்பர். சொற்களின் வரிசையும் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடும். மறவர் கூட்டத்தார் தமக்குக் கீழ்நிலையில் வாழ்வோரைத் தூய்மையற்றோர் எனும் பொருள்தரும் குறியாலேயே சுட்டுவர். அக்குறியின் பொருளைக் கண்டுபிடித்த கணத்தில் ஆடுநர் அடைவது வெற்றிக் களிப்பன்று, இளிவரல். ஒரு சொல்லின் பொருளறிதல் ஒரு சமூகத்தின் நோயறிதலாக முடிகின்றது. இத்தகைய சொல் எவ்வூர்த் தெருவில் இல்லை?

ஆயினும் குறையொன்று சுட்டவேண்டும். குறிப்பேடு உறுதிசெய்தபின் ஒவ்வொரு குறிக்கும் ஒரே பொருள் நிலைத்துவிடுகின்றது. ஒருசொல் பலபொருளும் பலசொல் ஒருபொருளும் உண்டு என்பதை உரியியல் கற்ற நாம் அறிவோம். உயிருள்ள மொழியில் பொருள் உறுதிப்படுவதில்லை, இடந்தோறும் வளைகின்றது. லாங் பஜாரில் ‘பாய்’ என்னும் விளி உருதில் உடன்பிறந்தானைக் குறிக்கும். தமிழர் வாயில் அதுவே இசுலாமிய வணிகரை மதிப்போடு விளிக்கும் சொல்லாகும். பாத்திரக் கடைக்கு அடுத்த கடையில் கோரையால் முடைந்த விரிப்பாகும். மூன்றனையும் ஒரே காலையில் ஒரே தெருவில் கேட்கலாம். இவ்வளைவை அந்த ஆட்டம் தொடவில்லை. மொழிபெயர்ப்பின் இன்பத்தைக் காட்டிற்று. மொழிபெயர்ப்பின் துன்பத்தைக் காட்டவில்லை.

எழுத்தின் உருவத்தையே கூற்றின் கருவியாக்கிய ‘பென்டிமென்ட்’ என்னும் ஆட்டத்தை ஏடு பயின்றோர் ஒருமுறையேனும் காணவேண்டும். அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனத்தில் ஜாஷ் சாயர் தலைமையில் உருவாகி 2022-இல் வெளிவந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பவேரிய மலைநாட்டில் ஒரு மடமும் அதனைச் சார்ந்த சிற்றூரும் களன். மடத்தின் ஏடெழுதும் கூடத்தில் பணிபுரியும் ஆந்திரேயாஸ் என்னும் ஓவியன், தன் முதிய நண்பர்மேல் வந்த கொலைப்பழியை நீக்க முயல்கின்றான். இதில் ஒருவரும் வாய்திறந்து பேசுவதில்லை. பேச்சு எழுத்தாகவே தோன்றும். துறவியர் பேச்சு மடத்துக் கையெழுத்திலும், உழவர் பேச்சு கிறுக்கலான கையிலும், அச்சகத்தார் பேச்சு அச்சுக் கோத்தாற்போலும் எழும். இறைவன் பெயர் மட்டும் செம்மையால் பின்னர் நிரப்பப்படும். சினந்து பேசுவோர் எழுத்தில் மை தெறிக்கும். பிழையாக எழுதப்பட்ட சொல் அழித்துத் திருத்தப்படும். எளியவர் என்று எண்ணியவர் கற்றவர் எனத் தெரியவந்தால், அவர் பேச்சின் எழுத்துருவும் மாறும். அதாவது எழுத்து பேசுவோரின் தரத்தைக் காட்டவில்லை. கேட்போனாகிய ஓவியன் அவரை எத்தரத்தில் வைத்திருக்கின்றான் என்பதனையே காட்டுகின்றது. கூற்று என்னும் உறுப்பு கேட்போர் என்னும் உறுப்போடு பிரிக்கலாகாதது என்பதற்கு இதனினும் விளக்கமான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

கொலை செய்தவர் யார் என்பதனை இவ்வாட்டம் இறுதிவரை உறுதியாகக் கூறாது. ஆடுநர் ஒருவரைச் சுட்டவேண்டும், சுட்டப்பட்டவர் மாள்வர், ஊர் அவ்விழப்போடு வாழும். கால்நூற்றாண்டுக் கதையில் பிந்திய தலைமுறையினர் அதன் தழும்பைச் சுமப்பர். விடை தராமை பற்றிக் குறை கூறினோர் உண்டு. எம் கருத்தில் இதுவே அதன் சிறப்பு. இங்கு எஞ்சவிட்டது கொலைஞன் பெயரை, நிரப்பவேண்டியவர் ஆடுநர், நிரப்பியபின் அது சரியா என்று அறியும் வழியின்றி நெடுநேரம் ஆடவேண்டும். சிதைந்த ஏட்டில் ஓரெழுத்தை ஊகித்துச் சேர்த்துவிட்டுப் பதிப்பித்த ஆசிரியனின் உறக்கமின்மை இத்தகையதே.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமாகிய ‘வெண்பா’வுக்கு வருவோம். கனடாவின் டொரான்டோ நகரில் விசை கேம்ஸ் குழுவினரால், அபி என்னும் தமிழர் தலைமையில் உருவாக்கப்பட்டு 2023 ஜூலை 31-இல் வெளிவந்தது இது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறிய வெண்பா என்னும் பெண்ணும், அவள் கணவன் பாவலனும், மகன் கவினுமே கதைமாந்தர். ஆடுநர் செய்யவேண்டுவது சமையல். வெண்பாவின் தாய் எழுதித் தந்த சமையல் ஏடு ஒன்று உண்டு. அது கிழிந்தும் கறைபட்டும் சிதைந்துள்ளது. எஞ்சிய வரிகளைக் கொண்டு விடுபட்டவற்றை ஊகித்து இட்டலி அவித்தலும் புட்டு அவித்தலும் பிரியாணி சமைத்தலுமே ஆட்டம். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அவ்வக் காலத்துத் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாட்டு ஒலிக்கும். தமிழிலேயே படித்து ஆடும் வாய்ப்பும் உண்டு. 2024-இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விளையாட்டு விருதுகளுள் முதற்படைப்புக்குரிய விருதையும், அதே ஆண்டு தற்சார்பு விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும் பெற்றது.

இதனைக் குறித்து எழுந்த கருத்துகள் மூவகையின. மிகச் சிறிது என்பது ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது என்பர். புதிர்கள் எளியன என்பது மற்றொன்று. தமிழர் வாழ்வை உலகறியச் செய்தது என்னும் பெருமிதம் மூன்றாவது. இது நம்மவரிடையே மிகுதி. பெருமிதம் மெய்ப்பாடுகளுள் ஒன்றே. ஆயினும் அது திறனாய்வு ஆகாது. தமிழ்ப் பெயர்களைத் திரையிற் கண்ட மகிழ்ச்சியில் படைப்பின் தரத்தை நோக்காது விடுதல், அப்படைப்பாளிக்கே செய்யும் குறை. அவரை நாம் தமிழர் என்பதற்காக மதிக்கின்றோமா, கலைஞர் என்பதற்காகவா?

சிறிது என்னும் குற்றச்சாட்டு நம்மிடம் செல்லாது. நாலடி முதல் எட்டடி வரை அமைந்த பாட்டுகளைத் தொகுத்துக் குறுந்தொகை எனப் பெயரிட்டுப் போற்றிய மரபு நம்முடையது. அதன் 167-ஆம் பாட்டை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். கூடலூர் கிழார் பாடிய அப்பாட்டில், புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி தானே சமைத்துக் கணவனுக்கு இடுகின்றாள். தயிர் பிசைந்த கையும் புகை படர்ந்த கண்ணும் செவிலியின் நோக்கில் படுகின்றன. கணவன் சுவைத்து இனிதென்கின்றான். அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. அவ்வளவே. அம்முகமலர்ச்சிக்குப் பின்னால் உள்ள அச்சமும் முயற்சியும் பெற்றோர் இல்லத்து வளவாழ்வும் யாவும் எச்சமாக விடப்பட்டன. பெருங்காப்பியத்தின் அளவுகோலால் இதனை அளந்து சிறிதென்பாரை நாம் என் சொல்வோம்?

வெண்பா ஆட்டத்தை இப்பாட்டோடு ஒப்பிடும்போதுதான் அதன் புதுமை விளங்குகின்றது. பாட்டில் சமைப்பவள் தலைவி, காண்பவள் செவிலி, கேட்பவள் நற்றாய், நாம் நான்காமவர். ஆட்டத்தில் செவிலி இல்லை. சமைப்பவர் நாமே. தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லா இட்டலிக்கும் செல்லும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எம்முறையில் இடப்பெறும் என்பனவற்றை நம் கை ஊகித்தறிகின்றது. ஏட்டின் சிதைவே நம்மைச் செயற்படுத்துகின்றது. முழு ஏடு இருந்திருப்பின் ஆட்டமே இல்லை. ஆகவே எச்சம் இங்கு அணியன்று, அடிப்படை. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அடிகள் சிதைந்த பாட்டுகளை அச்சிதைவு தோன்றவே வெளியிட்டார். 267, 268-ஆம் பாட்டுகள் இன்றளவும் கிடைத்தில. அவ்வெற்றிடங்களை நிரப்பும் துணிவு நமக்கில்லை, நிரப்புதலும் தகாது. தாயின் சமையலேட்டு வெற்றிடத்தையோ மகள் நிரப்பியே ஆகவேண்டும், பசி காத்திருக்காது. ஏடும் உணவும் சந்திக்கும் இவ்விடத்தில் ஆட்டத்தின் ஆசிரியர் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். மரபு என்பது கையளிக்கப்பட்டதனால் மட்டும் வாழ்வதில்லை; விடுபட்டதை ஒருவர் கைபட முடிப்பதனாலேயே வாழ்கின்றது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்னும் நூலை, அயல்நாடு செல்லும் புதுமணப் பெண்களின் பெட்டியில் வைத்தனுப்பும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இருந்தது. அத்தலைப்பு ஏவல் வினை என்பதனை நோக்குக. படி என்று சொல்லாது செய்து பார் என்கின்றது. படிப்போரைச் செயலுக்கு ஏவும் பனுவல் நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

எம் வகுப்பு மாணவர் சிலர் இவ்வாட்டத்தை ஆடினர். புட்டுக் குழல் இவ்வட்டார அடுக்களைகளில் பெருவழக்கினதன்று. அதன் உறுப்புகளை அடையாளங்காணப் பலர் தடுமாறினர். பிரியாணிப் பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. சீரகச் சம்பாவும் கத்தரிக்காயும் இன்றிப் பிரியாணியை எண்ணிப்பாராத ஆம்பூர் மாணவர், ‘இஃது எவ்வூர்ப் பிரியாணி?’ என்று வினவினர். நகைக்கத் தோன்றும் அவ்வினா திறனாய்வு வினாவே. கருப்பொருளுள் உணவையும் வைத்த தொல்காப்பியர் அதனை நிலத்தோடு பிணைத்தே வைத்தார். தமிழுணவு என்று பொதுமையில் ஒன்றில்லை. நிலந்தோறும் குடிதோறும் வேறுபடும் உணவுகளே உண்டு. இவ்வாட்டத்தில் அந்நிலவேறுபாடு மங்கியே தோன்றுகின்றது. கனடாவின் அடுக்களையிலிருந்து திரும்பிப் பார்க்குங்கால் மங்குதல் இயல்பு என்று ஆசிரியர் சார்பில் விடை கூறலாம். நீங்கினோர் நினைவில் ஊர் சுருங்கி நாடாகிவிடுகின்றது. அவ்விடையை நாம் ஏற்கின்றோம். எனினும் ஆம்பூர் மாணவரின் வினா தவறென்று ஆகிவிடாது.

புதிர்கள் எளியன என்னும் இரண்டாம் கருத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. அதன் காரணத்தை அக்கருத்தினர் சரியாகச் சுட்டவில்லை என்பதே எம் வேறுபாடு. புதிர் எளிதாயிருத்தல் குற்றமன்று. பிழைக்கு விளைவின்மையே குற்றம். முறை தவறி அடுக்கினால் இட்டலி கெடும். உடனே மீண்டும் தொடங்கலாம். கெட்ட இட்டலியைப் பாவலன் உண்பதில்லை. கரிந்ததைக் குழந்தை மறுப்பதில்லை. பென்டிமென்டில் தவறாகச் சுட்டப்பட்டவர் மாண்டார், மீளவில்லை. வெண்பாவில் ஆடுநர் தவறு அடுக்களைக்கு வெளியே செல்வதே இல்லை. வாழ்வில் தவறிய சமையல் ஒரு சொல்லாகவோ சொல்லின்மையாகவோ உண்போரிடையே தங்கும். குறுந்தொகைத் தலைவியின் முகம் மலர்ந்தது, மலராமலும் போயிருக்கக் கூடும் என்பதனாலன்றோ அம்மலர்ச்சிக்கு மதிப்பு? ஆட்டம் என்னும் கலைக்கே தனியுரிமையாக வாய்த்த கருவி ஆடுநரின் பிழை. அதனை இவ்வாசிரியர் கையாளாது விட்டது பேரிழப்பு. உரையாடலில் ஆடுநர் தேர்ந்தெடுக்கும் சொற்களும் கதையின் போக்கை மாற்றுவதில்லை.

மற்றொரு குறை வெண்பா என்னும் பெண்ணைப் பற்றியது. அவளது கனிவும் பொறுமையும் நன்கு தீட்டப்பட்டுள்ளன. ஆயின் அடுக்களைக்கு வெளியே அவள் யார்? யாப்பு வகைகளுள் கட்டளை மிக்கதன் பெயரைத் தாங்கியவள். கணவன் பெயரோ புலவன் எனப் பொருள்படுவது. மகன் பெயர் அழகு. இப்பெயர்களின் அமைப்பு ஒரு குறிப்பெச்சம். மொழியில் பற்றுள்ள குடும்பம் இது எனப் பெயரே சொல்லுகின்றது. அக்குறிப்பைக் கதை பின்தொடரவில்லை. இருவரும் எதனைப் படித்தனர், எக்கவிதையை நினைத்தனர், தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு என்பதற்கு அப்பால் என்னவாக இருந்தது என்பனவற்றை அறிய வழியில்லை. ராஜியின் முறிவைப் பற்றி மேலே கூறியதனை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். ஏட்டின் கிழிசல் எச்சம். பெயர்களின் கைவிடப்பட்ட குறிப்போ குறை.

இக்குறைகள் யாவற்றையும் மீறி ஆட்டத்தைத் தாங்கி நிற்பது ஒரு பகுதி. தந்தை இல்லை, தாய் தமிழ்நாடு திரும்பிவிட்டாள், வளர்ந்த கவின் தனியே அவ்வேட்டைத் திறக்கின்றான். இதுகாறும் சிதைந்திருந்தது ஏடு; இப்போது சிதைந்திருப்பது படிப்போனின் தமிழ். எழுத்து அங்கே இருக்கின்றது, அவனுக்கு இல்லை. தாய்க்கு எளிதாகிய சொல் மகனுக்குப் புதிராகின்றது. அதே அடுப்பு, அதே ஏடு, அதே ஆடுநர் கை. கூற்று மட்டும் தாயிடமிருந்து மகனுக்கு மாறிற்று. அம்மாற்றத்தால் எச்சத்தின் பொருளே மாறிவிட்டது. தாய் நிரப்பியது தன் தாயின் கைமுறையை. மகன் நிரப்பவேண்டியது தான் கேளாது விட்ட ஆண்டுகளை. இதனை வசனத்தால் கூறியிருப்பின் மிகையுணர்ச்சியாய் முடிந்திருக்கும். புனைகதையில் எழுதியிருப்பின் கவினுக்காக இரங்கியிருப்போம். இங்கு நாமே எழுத்துக் கூட்டித் தடுமாறுகின்றோம். தமிழில் முதுகலை பயில்வோர் இவ்விடத்தில் தடுமாறார் என்பது உண்மையே. அவர்களும் கல்வெட்டெழுத்தின்முன் முதன்முதல் நின்ற நாளை எண்ணிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பனுவலோடு ஆடுவோர்க்கும் ஆங்கிலப் பனுவலோடு ஆடுவோர்க்கும் இப்பகுதி ஒரே ஆட்டமாக இருத்தல் இயலாது. ஒருவருக்குக் கவினின் அறியாமை சொந்த அறியாமை. மற்றவருக்கு அது பிறன் அறியாமை. இவ்விரு வடிவங்களையும் பாடவேறுபாடு நோக்கில் வரிவரியாக ஒப்பிட்டு, எவ்விடங்களில் கூற்றும் முன்னமும் வேறுபடுகின்றன என்று வகுத்துக் காட்டுதல் ஓர் ஆய்வேட்டிற்குப் போதிய பொருள். முன்னர்க் குறித்த மாணவர் மேற்கொள்ள விரும்பியதும் ஏறத்தாழ இதுவே.